எஞ்சின் நின்ற பிறகும் கேட்ட விசில்

இரண்டு லிட்டர், நான்கு சிலிண்டர், டர்போ பெட்ரோல் எஞ்சின். ஆட்டோமேட்டிக் கியர். ஓடிய தூரம் 1,20,000 கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது. எஞ்சின் சூடேறியதும் பானட்டுக்கு அடியிலிருந்து விசில் அடிக்கிறது என்பதுதான் உரிமையாளரின் புகார். காலையில் முதல்முறை கிளப்பும்போது சத்தம் இல்லை. சிறிது தூரம் ஓடியதும் தொடங்கிவிடுகிறது. இழுவையில் குறை இல்லை, எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை.

என்னிடம் வருவதற்கு முன்பே வேறொரு பட்டறையில் பெல்ட்டையும் டென்ஷனரையும் மாற்றியிருந்தார்கள். விசில் அப்படியே இருந்தது. அடுத்ததாக ஆல்டர்னேட்டரை மாற்றலாம் என்று சொன்னபோது, கார் உரிமையாளர் சற்று யோசித்து வண்டியை இங்கே கொண்டுவந்தார். பெல்ட் இருக்கும் பக்கம் நின்று கேட்டால் சத்தம் அங்கிருந்து வருவதைப் போலத்தான் இருந்தது. ஆனால் பானட்டுக்கு அடியில் காதை நம்புவது ஆபத்து. உயர்ந்த சுருதியுள்ள ஒலி, உலோகப் பரப்புகளில் பட்டுத் தெறித்து, பிறந்த இடத்தை விட்டு வேறிடத்தில் உரத்துக் கேட்கும். அதனால் விசில் வழக்குகளில் சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதைக் கடைசிக் கேள்வியாகவே வைத்துக்கொள்கிறேன். எது மாறும்போது சத்தம் மாறுகிறது என்பதே முதல் கேள்வி.

எதனோடு ஏறுகிறது, எதனோடு இறங்குகிறது

எஞ்சினில் விசிலைப் போன்ற ஒலியை எழுப்பக்கூடியவற்றை மூன்று குடும்பங்களாகப் பிரிக்கலாம். முதலாவது, சுழலும் பொருட்கள்: பெல்ட், புல்லிகள், ஆல்டர்னேட்டர் பேரிங், தண்ணீர் பம்ப். இவற்றின் ஒலி எஞ்சின் சுழற்சியோடு ஏறி இறங்கும். சுருதியும் கூடவே நகரும். இரண்டாவது, அழுத்தத்தோடு வெளியேறும் காற்று: டர்போவுக்கும் இன்டர்கூலருக்கும் இடையே விரிசல் விட்ட ஹோஸ், எக்ஸாஸ்ட் கேஸ்கெட்டில் ஏற்பட்ட கசிவு. இவை ஆக்சிலரேட்டரை அழுத்தி எஞ்சின்மேல் பாரம் ஏற்றும்போது வலுக்கும். மூன்றாவது, உள்ளே உறிஞ்சப்படும் காற்று. காற்றின் வரத்தைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் வால்வு மூடியிருக்கும்போது, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துத் தரும் இன்டேக் மேனிஃபோல்டுக்குள் அழுத்தம் வெகுவாகக் குறைந்திருக்கும். எங்காவது ஓட்டை இருந்தால் வெளிக்காற்று அதன் வழியே பாயும். ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் தானாக ஓடும் ஐட்லிங்கில் இந்த ஒலி உரத்திருக்கும், பாரம் ஏறும்போது அடங்கும். முதல் குடும்பத்துக்கும் இரண்டாம் குடும்பத்துக்கும் இது நேர் எதிர்.

உரிமையாளர் சொன்ன ஒரு செய்தி எனக்கு மிகவும் பயன்பட்டது. "ஏசி ஓடிக்கொண்டிருக்க, டி கியரில் பிரேக்கை மிதித்து நிற்கும்போது சத்தம் குறைகிறது" என்றார். முந்தைய பட்டறையில் இதைக் கேட்டதும் ஏசி கம்ப்ரஸரைச் சுற்றும் பெல்ட்டின் மேல் சந்தேகம் போயிருக்கிறது. ஏசி என்ற சொல் வந்ததும் பெல்ட் நினைவுக்கு வருவது இயல்புதான். ஆனால் கம்ப்ரஸர் சேரும்போது பெல்ட்டின்மேல் பாரம் கூடுகிறது. பெல்ட்டோ புல்லியோ கெட்டிருந்தால் சத்தம் கூடவேண்டும். இங்கே குறைகிறது. பாரம் கூடியதும் ஐட்லிங்கைத் தக்கவைக்கத் த்ராட்டில் சற்றுத் திறக்கிறது, மேனிஃபோல்டில் வெற்றிடம் தளர்கிறது. அதோடு சேர்ந்து விசிலும் தளர்கிறது என்றால் சந்தேகம் மூன்றாம் குடும்பத்தின் பக்கம் சாய்கிறது.

வண்டியை நிறுத்திவைத்து நானே சோதித்தேன். நியூட்ரலில், சூடான எஞ்சினில், விசில் தெளிவாகக் கேட்டது. ஆக்சிலரேட்டரை மெதுவாக மிதித்துச் சுழற்சியை நிமிடத்துக்கு 2,500-இல் நிறுத்திப் பிடித்தபோது சத்தம் அதே சுருதியில் நின்றது. ஐட்லிங்கின் மூன்று மடங்குக்கு மேல் சுழற்சி ஏறியும் சுருதி நகரவில்லை என்றால், அந்த ஒலி சுழலும் எந்தப் பொருளுக்கும் சொந்தமானதாக இருக்க முடியாது. பிறகு ஆக்சிலரேட்டரைச் சட்டென்று ஓங்கி மிதித்தேன். த்ராட்டில் அகலத் திறந்த அந்தக் கணத்தில் விசில் அறுந்தது. காலை எடுத்ததும் திரும்பி வந்தது. சாலையில் ஓட்டிப் பார்த்தபோதும் இதே கதைதான். இழுக்கும்போது மௌனம், காலை எடுத்து வண்டி உருளும்போது விசில்.

அதன்பின் எஞ்சினை அணைத்தேன். இந்த வழக்கில் எனக்குக் கிடைத்த மிகத் துலக்கமான தடயம் இதுதான். சாவியைத் திருப்பியதும் கிராங்க் நின்றுவிட்டது, பெல்ட் அசையவில்லை, புல்லிகள் அசையவில்லை. விசில் மட்டும் ஓரிரு நொடிகள் தொடர்ந்து, சுருதி இறங்கி இறங்கி ஒரு முனகலாகி ஓய்ந்தது. எதுவும் சுற்றாதபோது ஒலிக்கிறது என்றால், எங்கோ தேங்கியிருந்த வெற்றிடம் காற்றால் நிரம்பிக்கொண்டிருக்கிறது. மேனிஃபோல்டு மட்டும் என்றால் எஞ்சின் நிற்கும்போதே அது நிரம்பிவிடும், அதன் கொள்ளளவு அவ்வளவுதான். இவ்வளவு நேரம் பிடிக்கிறது என்றால் கொள்ளளவு பெரிய ஓர் இடத்தில் வெற்றிடம் இருக்கிறது. எஞ்சினுக்குள் அப்படிப்பட்ட இடம் கிராங்க்கேஸ். ஆயில் தொட்டியும், எஞ்சினின் உச்சியை மூடும் வால்வு கவரின் உள்வெளியும் சேர்ந்த பகுதி.

பெல்ட்டைக் கழற்றிவிட்டு எஞ்சினைச் சில நொடிகள் ஓட்டிப் பார்க்கும் சோதனையைப் பலர் செய்வார்கள். நல்ல சோதனைதான். இங்கே அதற்குத் தேவை எழவில்லை.

ஸ்கேனர் சொன்னது

எச்சரிக்கை விளக்கு எரியவில்லை என்பதற்காக, காரின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரைத் தள்ளிவைக்கும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. அது தவறு. கோளாறுக் குறி பதிவாகாத நிலையிலும் எரிபொருள் திருத்தம் என்ற அளவு நிறையப் பேசும். பெட்ரோல் எஞ்சினில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடைக்கணக்கில் 14.7 பங்கு காற்று என்பது இலக்கு. காற்றோட்ட சென்சார் உள்ளே வரும் காற்றை அளக்கிறது, கணினி அதற்கேற்பப் பெட்ரோலைத் தெளிக்கிறது, எக்ஸாஸ்டில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் விளைவைச் சரிபார்க்கிறது. சென்சாரைத் தாண்டிய பிறகு எங்காவது அளக்கப்படாத காற்று புகுந்தால் கலவை மெலிந்துபோகும். கணினி பெட்ரோலைக் கூட்டி ஈடுகட்டும். அந்த ஈடுதான் திருத்தம். ஐந்து சதவீதம் கூடினாலும் குறைந்தாலும் கவலையில்லை. பத்தைத் தாண்டினால் காரணம் தேடவேண்டும். பல கார்களில் 25-ஐ ஒட்டிப் போகும்போதுதான் பி0171 என்ற குறி பதிவாகி விளக்கு எரியும்.

இந்தக் காரில் கணினி கற்று நினைவில் வைத்திருக்கும் நீண்டகாலத் திருத்தமும், அந்தந்தக் கணத்தில் செய்யும் குறுகியகாலத் திருத்தமும் சேர்ந்து ஐட்லிங்கில் 23 சதவீதம் கூடுதலாக இருந்தது. விளக்கு எரிவதற்குச் சற்று முன்னால் நின்றுகொண்டிருந்தது. 2,500 சுழற்சியில் அது ஏறக்குறைய 7. சாலையில் பாரத்தோடு ஓடும்போது 2-க்கும் கீழே.

இந்த இறங்குமுகத்தை விளக்கிவிடுவது நல்லது. ஐட்லிங்கில் காற்றோட்ட சென்சார் நொடிக்கு 3 கிராம் காற்றைக் காட்டியது. அதில் 23 சதவீதம் என்றால் ஏறக்குறைய 0.7 கிராம் வேறு வழியில் நுழைகிறது. 2,500 சுழற்சியில் சென்சார் காட்டியது 10 கிராமுக்குச் சற்று மேல். அதே 0.7 கிராம் இப்போது ஏழு சதவீதம் ஆகிவிடுகிறது. ஆக, கசிவின் அளவு மாறவில்லை; எஞ்சின் விழுங்கும் மொத்தக் காற்றுதான் பெருகியிருக்கிறது. காற்றோட்ட சென்சாரே கெட்டிருந்தால் இந்தக் கணக்கு இப்படி அமையாது. பாரத்திலும் திருத்தம் உயர்ந்தே நிற்கும், பலமுறை இன்னும் ஏறும். பெட்ரோல் பம்ப் தளர்ந்திருந்தாலும் அப்படித்தான்.

கசிவு ஏன் மாறாமல் நிற்கிறது என்பதற்கும் காரணம் உண்டு. ஒரு சிறு துளையின் இருபுறமும் அழுத்தம் வேறுபடும்போது காற்று பாய்கிறது. குறைந்த பக்கத்தின் அழுத்தம் மற்றப் பக்கத்தின் 0.53 பங்குக்கும் கீழே போனால் துளையின் கழுத்தில் காற்று ஒலியின் வேகத்தை எட்டிவிடுகிறது. அதற்குமேல் எவ்வளவு இழுத்தாலும் பாய்வு கூடாது. இந்த எஞ்சினில் ஐட்லிங்கில் மேனிஃபோல்டு அழுத்தம் 34 கிலோபாஸ்கல். 2,500-இல் அதைவிடச் சற்றுக் குறைவு. வெளியே ஏறக்குறைய 100. இரண்டு நிலையிலும் பாய்வு உச்சத்தைத் தொட்டு நிற்பதால்தான் விசிலின் சுருதியும் அசையாமல் நின்றது. ஏசியோடு டி கியரில் பிரேக் பிடித்து நிற்கும்போது மேனிஃபோல்டு அழுத்தம் 50-ஐத் தாண்டியது. உரிமையாளர் சொன்ன அந்தத் தணிவு அங்கேதான் தொடங்கியது. காதில் விழுந்ததும் திரையில் தெரிந்ததும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும்போதுதான் எனக்கு நம்பிக்கை வருகிறது.

ஒரு எச்சரிக்கை. காற்றோட்ட சென்சார் இல்லாமல், மேனிஃபோல்டு அழுத்தத்தை வைத்தே காற்றைக் கணக்கிடும் எஞ்சின்களில் இந்தத் திருத்தக் கணக்கைத் தேடக்கூடாது. புகுந்த காற்று அழுத்தத்தையும் உயர்த்திவிடுவதால் கணினி அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்கிறது. அங்கே ஐட்லிங் சுழற்சி ஏறுவதுதான் அடையாளம்.

கிராங்க்கேஸின் காற்றுவழி

பிஸ்டன் வளையங்கள் எவ்வளவு நன்றாக இருந்தாலும் எரிந்த வாயுவில் ஒரு சிறு பகுதி அவற்றைக் கடந்து கிராங்க்கேஸுக்குள் இறங்கிவிடும். ஒரு காலத்தில் அதை ஒரு குழாய் வழியே சாலையில் விட்டுக்கொண்டிருந்தார்கள். 1960-களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியா அதற்குத் தடை போட்ட பிறகு, அந்த வாயுவை மேனிஃபோல்டுக்கே திருப்பி எரித்துவிடும் பிசிவி அமைப்பு உலகெங்கும் வழக்கமானது. மேனிஃபோல்டின் முழு இழுவையும் கிராங்க்கேஸின்மேல் விழுந்தால் ஆயில் சீல்கள் தாங்கமாட்டா. அதனால் இந்த வகை எஞ்சின்களில் நடுவே ஒரு ரப்பர் டயாஃப்ரமும் ஸ்பிரிங்கும் வைத்திருக்கிறார்கள். டயாஃப்ரத்தின் ஒருபுறம் கிராங்க்கேஸ். மறுபுறம் ஒரு சிறு துளை வழியே வெளிக்காற்று. கிராங்க்கேஸில் வெற்றிடம் கூடினால் வெளிக்காற்று டயாஃப்ரத்தை அழுத்தி மேனிஃபோல்டுக்குப் போகும் வழியைக் குறுக்குகிறது. குறைந்தால் ஸ்பிரிங் அதைத் திறக்கிறது. இந்தக் காரில் இது முழுவதும் வால்வு கவரின் பிளாஸ்டிக்குக்குள்ளேயே அமைந்திருக்கிறது.

டயாஃப்ரம் கிழிந்தால் என்ன ஆகும் என்று யோசித்தால் நோயின் முழுப்படமும் கிடைத்துவிடும். அழுத்துவதற்கு இனி எதுவும் இல்லை என்பதால் ஸ்பிரிங் வழியை நிரந்தரமாகத் திறந்து வைத்துவிடுகிறது. மேனிஃபோல்டு கிராங்க்கேஸை இழுத்துக்கொண்டே இருக்கிறது. வெளிக்காற்றுத் துளை இப்போது நேராக உள்ளே திறந்த ஓட்டையாகிவிடுகிறது. காற்று அதன் வழியே சீறி நுழைகிறது.

இதைச் சோதிக்கும் முறை எளியது. ஐட்லிங்கில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திருகினேன். லேசில் வரவில்லை, உள்ளிருந்து ஏதோ பிடித்து இழுப்பதைப் போல இருந்தது. மூடி விலகிய கணத்தில் விசில் நின்றது. மூடியை வைத்ததும் மறுபடி கேட்டது. ஆயில் மட்டம் பார்க்கும் கம்பியான டிப் ஸ்டிக்கை உருவியபோதும் அதே விளைவு. மேனிஃபோல்டு கேஸ்கெட்டிலோ வேறு வாக்யூம் ஹோஸிலோ கசிவு இருந்து அதுதான் விசிலடித்தது என்றால், ஆயில் மூடியைத் திறப்பதால் அது நிற்கக் காரணமே இல்லை.

இந்தச் சோதனையில் பலர் ஒன்றைத் தவறாகப் படிக்கிறார்கள். மூடியைத் திறந்ததும் எஞ்சின் தடுமாறினால் பிசிவி கெட்டது என்று முடிவு கட்டுகிறார்கள். இந்த வகை எஞ்சின்களில் அமைப்பு நன்றாக இருந்தாலும் மூடியைத் திறந்தால் சிறு தடுமாற்றம் வரும், திடீரென்று அளக்கப்படாத காற்று புகுவதால். தடுமாற்றத்தைவிட, மூடியைப் பிடித்திருக்கும் இழுவையும் ஒலியின் மாற்றமுமே நம்பத்தக்க சாட்சிகள். அதற்கும் மேலான சாட்சி அளவீடு.

டிப் ஸ்டிக் குழாயில் ஒரு ரப்பர் குழாயைப் பொருத்தி, அழுத்தத்தை அளக்கும் மானோமீட்டரில் இணைத்தேன். கிராங்க்கேஸின் வெற்றிடம் 125 மில்லிபார் காட்டியது. இந்த எஞ்சினுக்கு அது 30-ஐத் தாண்டக்கூடாது. எஞ்சினுக்கு எஞ்சின் இந்த வரம்பு மாறும் என்பதால் தயாரிப்பாளரின் கையேட்டைப் பார்த்தே முடிவு செய்யவேண்டும். தண்ணீர் நிரப்பிய யு வடிவக் குழாயால் அளக்கும் பழக்கமுள்ளவர்களுக்கு ஒரு சொல்: 125 மில்லிபார் என்பது ஏறக்குறைய 127 சென்டிமீட்டர் நீர்மட்ட வேறுபாடு. குழாய் குட்டையாக இருந்தால் எஞ்சின் அந்தத் தண்ணீரை அப்படியே உறிஞ்சிவிடும். இந்த நோயைச் சந்தேகிக்கும்போது முள் அல்லது டிஜிட்டல் மானோமீட்டரே பாதுகாப்பு.

இனி இடம். ஸ்டெதாஸ்கோப்பின் உலோகக் கம்பியைக் கழற்றிவிட்டு வெறும் குழாயோடு வால்வு கவரின்மேல் தடவிக்கொண்டே போனேன். உலோகக் கம்பி அதிர்வைக் கடத்தும். பேரிங்குக்கு அது நல்லது. காற்றின் ஒலிக்கு வெறும் குழாய்தான் வேண்டும். கவரின் பின்பகுதியில், எஞ்சின் அறையையும் பயணிகள் அறையையும் பிரிக்கும் தடுப்புச் சுவரை ஒட்டி, வட்டமான ஒரு மூடியின் ஓரத்தில் சத்தம் பளீரென்று எழுந்தது. அங்கே இருந்த சிறு துளையை விரலால் மூடினேன். விசில் அறுந்தது, விரலின் தோல் உள்ளே இழுபட்டது. முன்பக்கப் பெல்ட்டிலிருந்து அந்த இடம் எஞ்சினின் முழு நீளத்துக்குத் தள்ளி இருக்கிறது.

கிழிசலின் வடிவம்

கவரைக் கழற்றிய பிறகு வட்டமூடியைப் பெயர்த்துப் பார்த்தேன். டயாஃப்ரம் தன் மடிப்பு ஓரத்தில் பிறைபோலக் கிழிந்திருந்தது, சுற்றளவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்கு. ரப்பர் நெகிழ்வை இழந்து இறுகிப்போயிருந்தது. சூட்டிலும் ஆயில் ஆவியிலும் ஆண்டுக்கணக்கில் கிடக்கும் மெல்லிய ரப்பர், அழுத்தம் மாறும்போதெல்லாம் அதே மடிப்பில் மடங்கி நிமிர்கிறது. அங்கேதான் முதலில் விடும்.

ஓட்டை என்றால் சீறும். ஏன் இது விசிலடித்தது? காற்று ஒலியின் வேகத்தை எட்டுவது கிராங்க்கேஸிலிருந்து மேனிஃபோல்டுக்குப் போகும் வழியில்தான்; வெளிக்காற்றுத் துளையில் 125 மில்லிபார் வேறுபாடு மட்டுமே என்பதால் அங்கே நொடிக்கு 140 மீட்டரை ஒட்டிய வேகத்தில் நுழைகிறது. கிழிசலின் ஓரம் ஒரு நாக்கைப் போலத் தொங்கிக்கொண்டிருந்தது. காற்றுத்தாரை அந்த மெல்லிய ஓரத்தில் மோதி அதை அதிரவைக்க, அதிர்வு தாரையைத் திருப்ப, நாதஸ்வரத்தின் சீவாளியைப் போல ஒன்றுக்கொன்று ஊட்டிக்கொண்டு ஒரே சுருதியில் நிலைத்துவிட்டது. குளிர்ந்த எஞ்சினில் சத்தம் வராததற்கும் இதுவே விளக்கம் என்று நினைக்கிறேன். குளிரில் ரப்பர் விறைப்பாக இருக்கும், நாக்கு எளிதில் அதிராது. மேலும் அப்போது எஞ்சின் உயர்ந்த ஐட்லிங்கில் அதிகக் காற்றை விழுங்குவதால் மேனிஃபோல்டு வெற்றிடமும் தளர்வாக இருக்கும்.

சத்தம் ஒரு தொல்லை, அவ்வளவுதான். உண்மையில் கவலைப்படவேண்டியது 125 என்ற அந்த எண்ணைப் பற்றி. அவ்வளவு வெற்றிடத்தை எந்த ஆயில் சீலும் எதிர்பார்க்கவில்லை. கிராங்க்கின் பின்முனை சீலின் உதடு உள்நோக்கி இழுபட்டு, வெளிக்காற்றையும் தூசியையும் உள்ளே விடத் தொடங்கும். பிறகு ஆயில் வெளியே வரும். அந்த சீலை மாற்றவேண்டும் என்றால் கியர்பாக்ஸை இறக்கவேண்டும். ஆயில் ஆவியும் அளவுக்குமீறி மேனிஃபோல்டுக்கு இழுக்கப்பட்டு, இன்டேக் வால்வுகளில் படியும், ஆயில் குறையும். அதனால் எதையும் மாற்றுவதற்கு முன் வண்டியைத் தூக்கி, எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தின் அடியில் விளக்கடித்துப் பார்த்தேன். உலர்ந்திருந்தது. பிளக்குகளில் எண்ணெய்ப் படிவு இல்லை. ஆல்டர்னேட்டரை மாற்றிவிட்டு, "சத்தம் பழகிவிடும்" என்று சில மாதங்கள் ஓட்டியிருந்தால் இந்த இரண்டு வரிகளையும் இப்படி எழுத முடிந்திருக்காது.

எதை மாற்றுவது

டயாஃப்ரம் மட்டும் தனியாகக் கிடைக்கிறது. வட்டமூடியைப் பெயர்த்து, புது ரப்பரை வைத்து, மூடியை அழுத்திவிடலாம். செலவு மிகக் குறைவு. புதிதான கவராக இருந்து, மூடி கழற்றி மாட்டும் வகையில் அமைந்திருந்தால் நானும் அதையே செய்வேன். இந்தக் கவரில் மூடி தொழிற்சாலையிலேயே உருக்கி ஒட்டப்பட்டது. பெயர்த்தால் ஓரம் உடையும், பசை வைத்து மூடினால் வெளிக்காற்றுத் துளையோ மூடியின் ஓரமோ சரியாக அமையாது. கவரின் கேஸ்கெட்டும் இறுகிப்போயிருந்தது. ஆயிலைப் பிரிக்கும் உள்வழிகளில் கசடு தேங்கியிருந்தது, அவற்றைக் கழுவ வழியில்லை. எல்லாவற்றையும் உரிமையாளருக்குக் காட்டி, கேஸ்கெட்டோடு முழுக் கவரையும் மாற்றச் சம்மதம் பெற்றேன்.

வேலையில் கவனிக்கவேண்டியவை சில. பழைய கவர் வெந்து இறுகிய பிளாஸ்டிக் என்பதால் எஞ்சின் முழுதும் ஆறிய பிறகே கழற்றவேண்டும். முன்பக்கச் சங்கிலி மூடியும் சிலிண்டர் ஹெட்டும் சேரும் மூலைகளில் பழைய சீலன்ட்டைச் சுத்தமாகச் சுரண்டி, புதிதாக ஒரு துளி வைக்கவேண்டும். பின்னாளில் ஆயில் கசியும் கவர்களில் பாதிக்குமேல் அந்த மூலையில்தான் கசிகிறது என்பது என் அனுபவம். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிநோக்கி, கையேடு சொல்லும் முறுக்கில். அந்த முறுக்கு மிகச் சிறியது, கை வலிமையைக் காட்டினால் பிளாஸ்டிக் விரியும்.

டர்போ எஞ்சினில் இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். டர்போ அழுத்தம் தரும்போது மேனிஃபோல்டில் வெற்றிடம் இருக்காது; கிராங்க்கேஸ் வாயு அப்போது டர்போவின் நுழைவாயில் பக்கம் வேறொரு குழாயில் போகும். இரு வழிகளிலும் ஒருவழி வால்வுகள் உண்டு. மேனிஃபோல்டுப் பக்க வால்வு பிடிக்கவில்லை என்றால் டர்போ அழுத்தம் கிராங்க்கேஸுக்குள் புகுந்து சீல்களை எதிர்த்திசையில் தள்ளும். கைப்பம்பால் இரண்டையும் சோதித்தேன், நன்றாகவே இருந்தன.

விசில் போனது, வேலை முடியவில்லை

புதிய கவரோடு எஞ்சினைக் கிளப்பி, சூடேறவிட்டேன். விசில் இல்லை. அணைத்தபோது முனகலும் இல்லை. மானோமீட்டர் 22 மில்லிபார் காட்டியது. உரிமையாளருக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஆனால் கணினியின் பழைய திருத்தத்தை அழித்துவிட்டுப் புதிதாகக் கற்கவிட்டபோது, ஐட்லிங்கில் திருத்தம் 9 சதவீதத்தில் போய் நின்றது. 23-இலிருந்து 9 என்பது பெரிய முன்னேற்றம்தான். இருந்தாலும் 9 என்றால் நொடிக்கு கால் கிராமுக்கு மேல் காற்று இன்னும் எங்கோ நுழைகிறது. புகார் தீர்ந்துவிட்டது என்று சாவியைக் கொடுத்து அனுப்ப எனக்கு மனம் ஒப்பவில்லை.

இங்கே புகைச் சோதனைக்குப் போனேன். எஞ்சினை அணைத்து, இன்டேக் வழியைக் காற்று வடிகட்டிப் பக்கம் அடைத்து, மெல்லிய அழுத்தத்தில் புகையை உள்ளே செலுத்தினால் கசிவுள்ள இடத்தில் புகை எட்டிப்பார்க்கும். ஓடும் எஞ்சின்மேல் கார்புரேட்டர் கிளீனரைத் தெளித்துச் சுழற்சி மாறுகிறதா என்று பார்க்கும் பழைய முறையை நான் கைவிட்டுவிட்டேன். சூடான எக்ஸாஸ்ட்டுக்கு அருகில் எரியக்கூடிய திரவத்தைத் தெளிப்பது தீயை அழைப்பதற்குச் சமம். தெளித்தது வேறு எங்கோ உறிஞ்சப்பட்டுத் தவறான இடத்தைக் காட்டுவதும் உண்டு.

புகை, பிரேக் மிதியை இலகுவாக்கும் பூஸ்டருக்குப் போகும் ஹோஸ் மேனிஃபோல்டோடு சேரும் முனையில் தென்பட்டது. கிளாம்புக்கு அடியில் ரப்பர் பல இடங்களில் பொரிந்து வெடித்திருந்தது. கிளாம்பைக் கழற்றாமல் கண்ணால் பார்த்திருந்தால் தெரிந்திருக்காது. இந்தக் கசிவில் காற்று ஒலியின் வேகத்தையே எட்டியிருக்கும், ஏனென்றால் ஒருபுறம் நேராக மேனிஃபோல்டு. இருந்தும் அது விசிலடிக்கவில்லை. அதிர்வதற்கு நாக்கு இல்லை, கூரான ஓரம் இல்லை. ரப்பரின் முரட்டு வெடிப்புகளில் நுழைந்த காற்று வெறும் சீறலாகி, எஞ்சினின் பொதுச் சத்தத்தில் கரைந்துவிட்டது. இரண்டில் எது பெரிய கசிவு என்பதை ஒலியின் உரப்பு சொல்லவே இல்லை. திருத்தத்தில் எஞ்சியிருந்த 9 சதவீதம்தான் சொன்னது. மேலும், அது பிரேக்குக்கு உதவும் வெற்றிடத்தைத் தாங்கும் ஹோஸ். ஒருநாள் முற்றிலும் பிளந்திருந்தால் பெடல் கல்லாக இறுகியிருக்கும்.

ஹோஸையும் அதன் கிளாம்பையும் மாற்றினேன். பூஸ்டரின் ஒருவழி வால்வு பிடிக்கிறதா என்று பார்க்க, எஞ்சினை அணைத்துச் சற்று நேரம் கழித்துப் பெடலை மிதித்தேன்; முதல் மிதியிலும் இரண்டாவதிலும் உதவி கிடைத்தது. மறுபடி கற்கவிட்ட பிறகு ஐட்லிங்கில் திருத்தம் 2, 2,500 சுழற்சியில் 1, சாலையில் பூஜ்யத்தை ஒட்டி. ஐட்லிங் மேனிஃபோல்டு அழுத்தமும் இரண்டு கிலோபாஸ்கல் இறங்கியிருந்தது.

வண்டியை ஓர் இரவு நிறுத்திவைத்து, காலையில் குளிர்ந்த நிலையில் கிளப்பிப் பார்த்தேன். பழைய கேஸ்கெட் இருந்த ஓரங்களில் ஆயில் ஈரம் இல்லை. சூடேறும்வரை பக்கத்திலேயே நின்று கேட்டேன். பெல்ட்டின் மெல்லிய உரசலும் இன்ஜெக்டர்களின் டிக் டிக்கும் மட்டும்தான்; இரண்டும் இருக்கவேண்டியவை. ஆல்டர்னேட்டரின் பேரிங்கையும் கம்பி வைத்த ஸ்டெதாஸ்கோப்பால் ஒருமுறை கேட்டுவிட்டேன், உரிமையாளரின் மனத்தில் அந்தக் கேள்வி மிச்சமிருக்கக்கூடாது என்பதற்காக. சுத்தமாக இருந்தது.

பின்முனை சீல் இப்போது உலர்ந்திருந்தாலும், அத்தனை வெற்றிடத்தில் எவ்வளவு காலம் ஓடியது என்பது தெரியாததால், 1,000 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு ஆயில் மட்டத்தையும் கியர்பாக்ஸின் அடிப்பகுதியையும் காட்டச் சொல்லியிருந்தேன். காட்டினார். மட்டம் இறங்கவில்லை, அடியில் துளி இல்லை. கிராங்க்கேஸ் அளவு 22 மில்லிபார் என்பதையும் மூன்று நிலைகளின் திருத்த அளவுகளையும் வண்டியின் பதிவேட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த ஆயில் மாற்றத்தின்போது டிப் ஸ்டிக் குழாயில் மானோமீட்டரை மாட்டி அதே அளவுகளை மறுபடி எடுக்கவேண்டும்.